கொல்லைப்புறக் குளம் வெட்டுவது எப்படி?

வீட்டுக் கொல்லையில் நீச்சல்குளம் வெட்ட ஆசைப்படுகிறவர்கள் எஞ்சினியரைத் தேடி அலைய வேண்டாம். திருவனந்தபுரத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. நந்தன்கோட்டில், கேரள முதலமைச்சரின் அரசு இல்லமான கிளிஃப் ஹவுஸ் வளாகத்துக்குள். காங்கிரஸ் வெட்டியது, மார்க்சிஸ்ட் பழுதுபார்த்தது. இரண்டு முன்னணிகளும் இப்படிக் கைகோத்து நிறைவேற்றிய திட்டம் இந்த மாநிலத்தில் வேறு எத்தனை என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். விரல் மிஞ்சும்.

நான் வலியசாலைக்காரன். ராஜராஜ சோழன் கலமறுத்ததாகத் தன் மெய்க்கீர்த்தியில் மார்தட்டிக்கொண்ட காந்தளூர்ச்சாலை எங்கள் ஊர்தான் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோயிலில் இருக்கும் சிவனுக்கே காந்தளூர் மகாதேவர் என்றுதான் பெயர். அக்ரஹாரத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை என்று ரயில்பெட்டி மாதிரி நீண்டுபோய், கடைசியில் கொல்லை. அங்கே ஒரு கிணறு, துவைக்கிற கல், சுவரோரம் ஒரு கறிவேப்பிலை. பக்கத்து வீட்டு மாமி புடவையைப் பிழிந்து உதறினால் என் சட்டை நனையும். இந்த இடத்தில் குளம் வெட்ட முடியுமா? கிளிஃப் ஹவுஸ் வரலாற்றைப் புரட்டினேன். முடியும் என்றுதான் தெரிகிறது. இடம் ஒரு பொருட்டே அல்ல; பதவிதான் வேண்டும்.

முதலில் தேவைப்படுவது கடப்பாரை அல்ல, காரணம். கே. கருணாகரன் முதல்வராக இருந்தபோது 1992-ல் கார் விபத்தில் சிக்கினார். நல்ல அடி. உடம்பு தேற நீந்துவது நல்லது என்று யோசனை சொல்லப்பட்டது. கேரளத்தில் 44 ஆறுகள் ஓடுகின்றன. கோயிலுக்குக் கோயில் குளம். தலைநகரின் நடுவிலேயே பத்மதீர்த்தம். இத்தனை இருந்தும் முதல்வர் முதுகுக்கு அரசாங்கக் குளம்தான் ஒத்துக்கொள்ளும் என்று முடிவாயிற்று. அடிபட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. இதே ஊரில் பஸ்ஸிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவனுக்கு மெடிக்கல் காலேஜில் ஓ.பி. சீட்டு கிடைக்கும், குளம் கிடைக்காது என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொள்கிறேன்.

அன்று எதிர்வரிசையில் இருந்த இடதுசாரிகள் கொதித்தார்கள். ஆடம்பரம், மக்கள் பணம், ராஜபோகம். கேட்கக் காதுக்கு இனிமையாக இருந்தது. ஆட்சி மாறியது, மறுபடி மாறியது. நாயனார் வந்தார், ஆன்டனி வந்தார், அச்சுதானந்தன் வந்தார், உம்மன் சாண்டி வந்தார். குளம் பெரும்பாலும் சும்மாவே கிடந்தது.

குளம் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த ஒரு சங்கதி இங்கே சொல்ல வேண்டும். தரைக்குள் பதித்த குளத்தைக் காலியாக விட்டு வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் சுற்றிலும் நிலத்தடி நீர் ஏறினால், அடியிலிருந்து தள்ளித் தள்ளி முழுக் கான்கிரீட் தொட்டியையும் மண்ணைவிட்டு மேலே கிளப்பிவிடும். டைல்ஸ் விரியும், குழாய் பிடுங்கிக்கொள்ளும். கிளிஃப் ஹவுஸ் குளமும் ஒருநாள் கிளம்பி மேலே வந்தது. தள்ளியது நிலத்தடி நீர் அல்ல. தகவல் உரிமைச் சட்டம்.

2022 இறுதியில் குளத்தின் கணக்கு வெளியானது. பினராயி விஜயன் முதல்வரான 2016 மே முதல் குளத்துக்கு ஆன செலவு 31,92,360 ரூபாய். குளத்தைப் புதுப்பிக்க 18,06,789. மேற்கூரைக்கும் பம்பு, வடிகட்டி வைக்கும் பிளான்ட் ரூமுக்குமாக 7,92,433. ஆண்டுப் பராமரிப்புக்கு 5,93,138. கூட்டிப் பாருங்கள், ஒரு ரூபாய் பிசகாது. அரசாங்கக் கணக்கில் இப்படி ரூபாய் சுத்தமாக நிற்கும் இடங்கள் குறைவு. தகவல் கேட்ட மனுவுக்குப் பதிலைத் தந்தது சுற்றுலாத் துறை. அமைச்சர்களின் இல்லங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அந்தத் துறையிடம் இருக்கிறது. எந்தச் சுற்றுலாப் பயணியும் கால் நனைக்க முடியாத ஒரு நீர்நிலைக்குச் சுற்றுலாத் துறை காவல்.

2016 தேர்தலில் இடது முன்னணி ஊரெங்கும் எழுதிய வாசகம் நினைவிருக்கும்: எல்லாம் சரியாகும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரியாக்கத்தான் செய்தார்கள். வரிசையில் எது முன்னே, எது பின்னே என்பதை நாம்தான் கேட்க மறந்துவிட்டோம்.

என் கொல்லைக்குத் திரும்புகிறேன். கிணறு தண்ணீரைத் தேடிப் போகிறது. நீச்சல்குளத்துக்கு நாம் தண்ணீரைத் தேடிக் கொண்டுவர வேண்டும். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்று சின்னதாக ஒன்று போட்டாலும் 75,000 லிட்டர் பிடிக்கும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்குக் கேரளத்தில் மாதம் 15,000 லிட்டர் வரை குடிநீர் இலவசம். ஐந்து ஏழைக் குடும்பங்களின் ஒரு மாதத் தண்ணீர் ஒருவர் மல்லாந்து மிதக்கத் தேவைப்படுகிறது. நிரப்பியதோடு ஓயவும் ஓயாது. பம்பு உறிஞ்ச வேண்டும், மணல் வடிகட்ட வேண்டும், குளோரின் லிட்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிகிராம் வரை நிற்க வேண்டும், அமில காரத் தன்மை 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மணலில் அழுக்கு அடைத்தால் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவி அதைச் சாக்கடைக்கு அனுப்ப வேண்டும். வெயில் குடித்ததை நிரப்ப வேண்டும். யாரும் இறங்காத நாளிலும் இத்தனையும் நடக்க வேண்டும். நாலு நாள் விட்டால் பாசி. இன்னும் நாலு நாள் விட்டால் கொசு. அப்புறம் மாநகராட்சியின் டெங்கு ஆட்கள் என் வீட்டுக் கதவைத் தட்டி நோட்டீஸ் கொடுப்பார்கள். நந்தன்கோட்டுக் கதவைத் தட்டுவார்களா என்பது வேறு கேள்வி.

இதைச் செய்யத் தெரிந்த அரசாங்கம் இது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். தண்ணீரை எப்படிச் சுத்தமாக வைப்பது, யாரிடம் ஒப்பந்தம் கொடுப்பது, ஆண்டுதோறும் எப்படிப் பராமரிப்பது, பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது, எல்லாம் தெரியும். தெரியாதவனிடம் கோபப்பட்டு என்ன பயன்?

பினராயி பதவியேற்ற அதே ஆண்டு அக்டோபரில் கேரளத்தின் 14 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. அடுத்த கோடையில் பேப்பாறை அணை அடிமட்டத்துக்குப் போய், தலைநகருக்குத் தண்ணீர் முறைவைத்துத் திறந்தார்கள். நெய்யாற்றிலிருந்து மோட்டார் வைத்து அருவிக்கரைக்கு இறைத்தார்கள். அருவிக்கரையிலிருந்து இந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வரத் தொடங்கியது 1933-ல், வைஸ்ராய் வில்லிங்டன் பெயரில் திறந்த நீர்நிலையத்திலிருந்து. மன்னராட்சி போட்ட குழாயில் மக்களாட்சி முறைவைத்துத் திறந்தது.

குளத்துக் கணக்கு வெளியாகி மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. 2023 பிப்ரவரியில் குடிநீர்க் கட்டணத்தை லிட்டருக்கு ஒரு பைசா ஏற்றினார்கள். ஒரு பைசாதானே என்றார்கள். சரி, ஒரு பைசாதான். அந்த ஒரு பைசாவைக் கொண்டு குளத்துக் கணக்கை அடைப்பதென்றால் 31 கோடியே 92 லட்சத்து 36 ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு வசூலிக்க வேண்டும். நாங்கள் குடிக்கிறோம், குளிக்கிறோம், பாத்திரம் தேய்க்கிறோம். பைசா பைசாவாகக் கட்டிவிடுவோம். கவலை வேண்டாம்.

நலஓய்வூதியக் கணக்கு இன்னும் அழகு. 2022-ல் அது மாதம் 1,600 ரூபாயாக இருந்தது. குளத்துச் செலவை 1,600-ஆல் வகுத்தால் 1,995 கிழவிகளின் ஒரு மாத ஓய்வூதியம். மீதி 360 ரூபாய். அந்த 360-ஐ குளோரினுக்கு வைத்துக்கொள்ளலாம். 2023 நவம்பரில் இந்த ஓய்வூதியம் மாதக்கணக்கில் வராமல் போய், இடுக்கி மாவட்டம் அடிமாலியில் இரண்டு மூதாட்டிகள் சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிப் பிச்சை கேட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு நிலமும் வீடுகளும் இருப்பதாக மார்க்சிஸ்ட் கட்சி நாளிதழ் தேசாபிமானி எழுதியது. அப்படி நிலம் எதுவும் இல்லை என்று கிராம அலுவலகம் சான்று கொடுத்தது. நாளிதழ் வருத்தம் தெரிவித்தது. கஞ்சிக்கு வழியில்லாத கிழவி தன் ஏழ்மைக்கு ரசீது காட்ட வேண்டியிருக்கிறது. குளத்தின் ரசீதை வாங்க மற்றவர்கள் மனுப்போட வேண்டியிருக்கிறது. அதே நவம்பரில்தான் அமைச்சரவை முழுவதும் ஏறிக்கொண்டு மாநிலம் சுற்ற ஒரு கோடியே ஐந்து லட்சம் ரூபாயில் பஸ் வந்து இறங்கியது. கழிப்பறையும் ஏறி இறங்க லிஃப்டும் வைத்த பஸ்.

லிஃப்ட் என்றதும் நினைவு வருகிறது. கிளிஃப் ஹவுஸிலும் லிஃப்ட் வைக்க 25.50 லட்சம் ஒதுக்கினார்கள். அதற்கு முன்னே, 2022-ல், மதில் சுவரையும் மாட்டுத் தொழுவத்தையும் கட்ட 42.90 லட்சம். குளத்தைவிடத் தொழுவத்துக்கும் மதிலுக்கும் கிட்டத்தட்டப் பதினொரு லட்சம் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதன் நீந்துவதைவிட மாடு நிம்மதியாக நிற்பது முக்கியம் என்று கருதும் ஒரே இடதுசாரி அரசு உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும். வட இந்தியப் பசு அரசியலைக் கண்டித்து மேடையில் பேசும்போது இந்த எஸ்டிமேட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்களோ என்னவோ.

இனி எங்கள் பக்கத்து நீர்நிலைகளைப் பார்க்கலாம். எங்களுக்கும் உண்டு.

2024 செப்டம்பர் தொடக்கம். ரயில் இரட்டைப் பாதை வேலைக்காக அருவிக்கரையிலிருந்து வரும் பெரிய குழாய்களைத் தண்டவாளத்தடியில் இடம் மாற்றினார்கள். ஒன்றிரண்டு நாளில் முடியும் என்ற வேலை இழுத்துக்கொண்டே போய், மாநகரத்தின் 44 வார்டுகள் நாலைந்து நாள் வறண்டன. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், பரீட்சைகளைத் தள்ளிவைத்தார்கள். ராஜராஜன் கலமறுத்த ஊர்ப்பக்கம் இவர்கள் குழாயறுத்தார்கள். அவனாவது கல்லில் பொறித்து ஒப்புக்கொண்டான். எங்கள் தெருவில் பழைய கிணறு மிஞ்சியிருந்த வீடுகளில் வாளிகள் வரிசை கட்டின. கிணற்றைத் தூர்த்து மேலே பாத்ரூம் கட்டிவிட்டவர்கள் அன்றைக்குத் தாத்தாவை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள். முதல்வர் இல்லத்துக் குளம் அந்த வாரம் எந்த மட்டத்தில் நின்றது என்று எந்தச் சட்டசபை உறுப்பினரும் கேட்கவில்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் நடந்ததைச் சிரித்துக்கொண்டே எழுத என்னால் ஆகாது. வலியசாலையிலிருந்து நடந்து போகும் தூரம்தான் தம்பானூர். ரயில் நிலையத்துக்கு அடியில் ஆமையிழஞ்சான் தோடு, அதாவது ஓடை, ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபுறம் வெளிவருகிறது. தோடு என்பது மரியாதைக்கு. பிளாஸ்டிக்கும் கழிவும் இறுகிப் போன கறுப்புக் குழம்பு. 2024 ஜூலை 13, நல்ல மழை. அதைச் சுத்தம் செய்ய இறக்கிவிடப்பட்ட ஒரு தொழிலாளியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. முக்குளிப்பவர்கள் குப்பையைக் கையால் விலக்கி விலக்கித் தேடினார்கள். ரோபோவை இறக்கினார்கள். இரண்டு நாள் கழித்து, ஜூலை 15 காலையில், தகரப்பறம்புப் பக்கம் உடல் மிதந்தது. அந்த இரண்டு நாளும் மாநகராட்சியும் ரயில்வேயும் தோடு யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

ஒரு வீட்டுக் குளத்துக்குப் பொறுப்பான துறை உண்டு, ஒப்பந்தம் உண்டு, பிளான்ட் ரூம் உண்டு, அதற்குக் கூரை உண்டு. லட்சக்கணக்கானவர்கள் வந்துபோகும் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் தண்ணீருக்குச் சொந்தக்காரன் இல்லை. இருந்தவன் ஒருவன்தான், இடுப்பளவு மலத்தில் நின்றவன். தம்பானூர் வெள்ளத்தைத் தீர்க்கிறோம் என்று 2015-ல் ‘ஆபரேஷன் அனந்தா’ நடத்தியது அன்றைய காங்கிரஸின் ஐக்கிய ஜனநாயக முன்னணி அரசு. ஆரவாரமாக இடித்தார்கள், தூர்வாரினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து வந்தவர்கள் எல்லாம் சரியாக்கினார்கள். இன்றைக்கும் நாலு மழை சேர்ந்து பெய்தால் தம்பானூரில் டெண்டர் இல்லாமல், எஸ்டிமேட் இல்லாமல், பெரிய நீச்சல்குளம் ஒன்று தயாராகிவிடும். அனுமதி இலவசம்.

குளோரினைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில வருஷமாக மூளையைத் தின்னும் அமீபா என்ற பீதி கேரளத்தை ஆட்டுகிறது. ஊர்க்குளத்தில் முங்கிய பையன்களின் மூக்கு வழியே ஏறி உயிரை வாங்குகிற கிருமி. 2024-ல் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரே குளத்தில் குளித்த இளைஞர்களைத் தாக்கியது. 2025-ல் ஆக்குளம் சுற்றுலா கிராமத்து நீச்சல்குளத்தில் குளித்த பதினேழு வயதுப் பையனுக்கு வந்து, அந்தக் குளத்தைச் சுகாதாரத் துறை மூடியது. ஆக்குளமும் சுற்றுலாத் துறையின் எல்லைக்குள் வருவதுதான். மக்கள் டிக்கெட் வாங்கி இறங்கும் குளத்தில் அமீபா. மக்கள் எட்டிப் பார்க்க முடியாத குளத்துக்கு ஆண்டுப் பராமரிப்பு. அதே வருஷம் ஆகஸ்டில் ‘ஜலமாண் ஜீவன்’ என்று இயக்கம் நடத்தி, வீட்டுக் கிணறுகளில் நாங்களே பிளீச்சிங் பவுடர் கலக்கும்படி பாடம் எடுத்தார்கள். கலக்கினோம். எங்களுக்கு ஆண்டு ஒப்பந்தம் இல்லையே.

காங்கிரஸ்காரர்கள் இதையெல்லாம் படித்து ‘சபாஷ்’ போட்டுவிட வேண்டாம். குழி தோண்டியவர்கள் நீங்கள். 2022-ல் தொலைக்காட்சியில் உங்கள் ஆட்கள் கொதித்த கொதிப்பில், அந்தக் குளத்தில் தண்ணீரே ஆவியாகியிருக்கும். தொண்ணூறுகளில் இடதுசாரிகள் பேசிய அதே வசனம், ஆள்தான் மாறியிருந்தது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது குளம் ஆடம்பரம், ஆளுங்கட்சியானால் குளம் அரசாங்கச் சொத்து. ஆட்சி மாறும்போதெல்லாம் இடம் மாற்றிக்கொண்டு இருவரும் பேசும் இந்த நாடகத்துக்கு அரங்க வாடகையும் எங்கள் தலையில்தான். இருவரில் ஒருவராவது, பதவிக்கு வந்த அன்று, அதை மூடுகிறேன் என்றோ, ஊருக்குக் கொடுக்கிறேன் என்றோ சொல்லியிருந்தால் நான் இந்தக் கட்டுரைக்கு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் கொல்லைத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன். கிணறு போதும். ஆனால் சுற்றுலாத் துறைக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது, முறைப்படியே கேட்கிறேன்.

2007-ல் தட்டேக்காட்டில் படகு மூழ்கி 15 பள்ளிப் பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் செத்தார்கள். 2009-ல் தேக்கடியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர். அது அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துப் படகு. 2023 மே மாதம் தானூரில் 22 பேர், பாதிக்குமேல் குழந்தைகள். ஒவ்வொரு முறையும் ஒரு விசாரணை ஆணையம் அமைப்பதும், பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டும் என்று எல்லாரும் பேசுவதும் சடங்காகிவிட்டது. கற்றுத்தரக் குளம் எங்கே என்று இனி யோசிக்க வேண்டாம். உங்கள் பொறுப்பிலேயே ஒன்று இருக்கிறது. கூரை போட்டது, பிளான்ட் ரூம் உள்ளது, குளோரின் அளவு பார்த்தது. வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், செங்கல்சூளைக் குடியிருப்பிலிருந்தும் சாலைக் கடைத்தெருவிலிருந்தும் தம்பானூரிலிருந்தும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து அங்கே நீச்சல் கற்றுக்கொடுங்கள்.

பாதுகாப்புக் காரணங்களால் இயலாது என்று பதில் வரும். வரட்டும். அப்படியானால் அது பொதுச்சொத்து இல்லை என்று ஒப்புக்கொண்டு, 31,92,360 ரூபாயை அந்தக் குளம் யாருக்காகவோ அவரிடமிருந்து வசூலித்துக் கஜானாவில் கட்டுங்கள்.